பல் கட்ட ஊருக்குப் போகலாமா?



“இங்க ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் கேக்குறாங்க. அந்தக் காசுக்கு ஊருக்கே போயி, சாமியும் கும்பிட்டு, பல்லையும் கட்டிக்கிட்டு வந்திடலாமே?” இந்தப் பேச்சு இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் கேட்கிறது. தப்பான பேச்சு என்று சொல்ல மாட்டோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தனியார் கிளினிக்கில் தாடை எலும்பில் திருகு வைத்துக் கட்டும் ஒரே பல்லுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம் போய்விடும். தமிழ்நாட்டில் கட்டணம் குறைவு என்பது உண்மை. பேசுகிற பாஷையும் நம்ம பாஷை. படித்த, பதிவு பெற்ற நல்ல பல் டாக்டர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை.

ஆனால் கணக்கை முழுசாப் போட்டுப் பாருங்க. விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு, கூட வருகிறவருடைய செலவு, பெரட்டுக்கு நிற்காத நாட்களின் கூலி. ஒரு பல்லுக்காக மட்டும் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. எப்படியும் கல்யாணம், கோயில் என்று போகிற பயணமாக இருந்து, நாலைந்து பல் வேலையும் இருந்தால் அது வேறு விஷயம். நகையை அடகு வைத்துப் போவது நமக்குச் சரியாகப் படவில்லை.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நாள் கணக்கு. திருகுப் பல் என்பது டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்தது. சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இப்படி வைத்தார். எலும்பு அந்தத் திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் மேலே நிரந்தரப் பல் ஏறும். ஆகவே குறைந்தது இரண்டு பயணம். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைக்க முடியும். அது எல்லா வாய்க்கும் ஒத்து வராது. “பத்தே நாளில் எல்லாம் முடித்துத் தருகிறோம்” என்று விளம்பரம் பார்த்தால், எது தற்காலிகம், எது நிரந்தரம் என்று கேளுங்கள்.

கழற்றி மாட்டும் பல் செட்டுக்கும் அவசரம் ஆகாது. பல்லைப் பிடுங்கிய பிறகு ஈறும் எலும்பும் பல மாதம் சுருங்கிக்கொண்டே இருக்கும். பிடுங்கிய கையோடு செய்து மாட்டிய செட் ஊர் திரும்பிய சில மாதத்தில் தளதளவென்று ஆடும். சோறு மெல்லும்போது ஈறு புண்ணாகும். தேய்த்துச் சரிசெய்யச் சென்னைக்கா போவீர்கள்?

சிங்கப்பூர்க்காரர்கள் பல் பார்க்க ஜொகூர் பாருவுக்கு வருகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுடைய ஒரு டாலருக்கு நம்ம காசு மூன்று வெள்ளிக்கு மேல். அது மட்டுமில்லை, பாலம் தாண்டினால் டாக்டர். வலித்தால் அடுத்த வாரமே திரும்பி வரலாம். சென்னை நாலு மணி நேர விமானப் பயணம். சீழ் கட்டிய பல்லோடு விமானம் ஏறினால் காற்றழுத்தம் மாறும்போது வலி உயிரைப் பிடுங்கும்.

லீவு விஷயத்தையும் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், ஐந்து வருஷம் வரை 12, அதற்கு மேல் 16. பல் டாக்டர் பார்த்துக் கொடுக்கும் சான்றுக்கும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் சட்டம் சொல்லும் பல் டாக்டர் மலேசியாவில் பதிவு பெற்றவர். ஊர் டாக்டர் சீட்டை நம்பி நாளை நீட்டினால், சொல்லாமல் வேலைக்கு வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். போகும் முன்பே ஆண்டு விடுப்பை எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் தோட்டக் கமிட்டியைக் கேளுங்கள்.

டிக்கெட் வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து டவுன் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. பிடுங்குவதும் அடைப்பதும் சில வெள்ளியில் முடியும். பல் செட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் இன்றைக்கே பெயரைப் பதியுங்கள். காத்திருக்கப் பொறுக்காமல், வீடு தேடி வந்து மலிவாகப் பல் கட்டித் தரும் ஆசாமியிடம் வாயைக் காட்டாதீர்கள். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்ப்பது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். சரியாகக் கொதிநீராவியில் சுத்தம் செய்யாத கருவியால் மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் தொற்றும்.

வெற்றிலை பாக்குப் போடும் ஆத்தாமார்கள், தாத்தாமார்கள் கட்டாயம் இங்கேயே முதலில் காட்ட வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2004இல் அறிவித்தது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயை முழுசாத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் பல் கட்டும் பேச்சே பிறகுதான்.

இவ்வளவுக்கும் பிறகு போவதாக முடிவு செய்தால், இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டரிடம் பெயரையும் சொல்லுங்கள். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது, திருகும் பிடிக்காது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத்தின் முதல் நாட்களிலேயே பல் வேலையைத் தொடங்குங்கள். கோயில் பிறகு பார்க்கலாம். நல்ல பல்லைத் தேய்த்து உறை போட வேண்டும் என்றால், ஏன் என்று கேளுங்கள். தேய்த்த பல் மறுபடி வளராது.

திரும்பும்போது எக்ஸ்ரே படம், ரசீது, செய்த வேலையின் விவரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கி வாருங்கள். திருகு வைத்திருந்தால் அதன் கம்பெனிப் பெயரும் அளவும் ரொம்ப முக்கியம். நாளைக்கு அது ஆடினால், என்ன திருகு என்று தெரியாமல் இங்குள்ள டாக்டரால் அதை முடுக்கக்கூட முடியாமல் போகலாம்.