ஆட்டோவை விட்டு வெளியே வாருங்கள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலரும் மேலே உள்ள டயலை ‘ஆட்டோ’விலேயே வைத்துவிடுகிறார்கள். படம் வெளிச்சமாகத்தான் வரும். ஆனால் ஓடுகிற குழந்தை கலங்கித் தெரியும். முகத்துக்குப் பின்னால் கொடியில் காயும் துணியும் முகத்தைப் போலவே பளிச்சென்று விழும். எவ்வளவு வெளிச்சம் தேவை என்று கேமரா கணக்கிடும்; உங்களுக்கு எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு.

அபெர்ச்சர்: லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம். அதைக் குறிக்கும் ‘எஃப்’ எண் சிறியதானால் துவாரம் பெரியது. எஃப் 1.8-இல் கிட்டத்தில் நிற்பவரின் முகம் தெளிவாக இருக்க, பின்னணி மங்கிவிடும். குளமும் கோபுரமும் சேர்ந்து தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 8 அல்லது 11 வையுங்கள்.

ஷட்டர் வேகம்: வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வருகிறது என்பது. ஓடும் பிள்ளைக்கு ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு, அதாவது 1/500 வேண்டும். 1/30-க்கு இறங்கினால் நம் கைநடுக்கமே படத்தில் தெரியக்கூடும்.

ஐ.எஸ்.ஓ.: கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது. வெயிலில் 100 போதும். கல்யாண மண்டபத்தில் 1600, 3200 வரை ஏற்ற வேண்டிவரும்; அப்போது படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழும். அதற்கு அஞ்ச வேண்டாம். புள்ளியைப் பின்னால் ஓரளவு குறைக்கலாம், அசைவில் கலங்கிய முகத்தை மீட்பது கடினம்.

இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஈடுகட்ட வேண்டும். எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ. 400 என்ற அளவில் படம் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை ஓடத் தொடங்கியதும் ஷட்டரை 1/500 ஆக்குகிறீர்கள். வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும். ஐ.எஸ்.ஓ.வை நான்கு மடங்காக்கி 1600-இல் வைத்தால் படம் பழைய பிரகாசத்துக்கு வந்துவிடும்.

மூன்றையும் முதல் நாளே கையில் எடுக்க வேண்டியதில்லை. டயலை ‘ஏ’ அல்லது ‘ஏவி’யில் வையுங்கள். அபெர்ச்சரை நீங்கள் முடிவு செய்யலாம். ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். வீட்டில் ஒருவரை ஜன்னலோரம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவைத்து, ஒரே இடத்தில் நின்று அபெர்ச்சரை மட்டும் மாற்றி மாற்றி எடுங்கள். படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் பின்னணி மாறுவது தெளிவாகப் புரியும்.

வெள்ளை வேட்டி சாம்பலாக விழுந்தால் கேமரா பழுது என்று நினைக்காதீர்கள். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறப் பிரகாசத்துக்குக் கொண்டுவரவே கேமராவின் மீட்டர் முயலும். படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தை +1 ஆக்குங்கள். சட்டகம் நிறையக் கறுப்பு என்றால் -1. பெரும்பாலான செல்போன்களில் முகத்தைத் தொட்டுவிட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தினால் இதே வேலை நடக்கும்.

இவை கைக்குப் பழகும்வரை வேறு லென்ஸ் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். கையில் இருப்பதைக் கொண்டே தினமும் எடுங்கள். எடுக்கும் முன், இந்தப் படத்தில் எது தெளிவாக வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.