பூந்துடைப்பமும் ஒரு குருவிக் கூடும்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கிறோம். செருப்புப் பெட்டி அளவுதான். முன்பலகையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஓர் ஓட்டை, 32 மில்லிமீட்டர் குறுக்களவு. சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழைய முடியாது. தை மாதம் மாட்டிய பெட்டியை மூன்று வாரம் எந்தக் குருவியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒருநாள் விடிகாலை, கறுத்த தொண்டையோடு ஓர் ஆண்குருவி ஓட்டை விளிம்பில் தொற்றிக்கொண்டு விடாமல் கத்த ஆரம்பித்தது.

"வூடு பாத்துட்டான். இனிமே பொண்ணு பாப்பான்" என்றார் அம்மா.

அம்மா சொன்னது உயிரியல் உண்மை. சிட்டுக்குருவியில் பொந்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்தான். வாசலில் நின்று கூவி அழைக்கும். பெண் வந்து உள்ளே போய்ப் பார்த்து, பிடித்திருந்தால்தான் தங்கும். எங்கள் பெட்டி அந்தப் பெண்குருவிக்குப் பிடித்துப்போனது.

அடுத்த நாளே கூடு கட்டும் வேலை தொடங்கியது. வைக்கோல், தென்னை நார், கோழி இறகு என்று வந்துகொண்டே இருந்தன. தாழ்வார மூலையில் சாத்தியிருந்த அம்மாவின் பூந்துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்தது. ஆண்குருவி அதன் மேல் உட்கார்ந்து, மெத்தென்ற பூவிழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பெட்டிக்குள் கொண்டுபோனது.

குறுந்தொகையின் 85ஆம் பாட்டு எனக்கு அப்போதுதான் புரிந்தது. வடம வண்ணக்கன் தாமோதரன் என்ற புலவர் அதில் காட்டுவது இதே காட்சி. முட்டையிடப்போகும் தன் பேடைக்காக ஓர் ஊர்க்குருவிச் சேவல் கரும்பின் வெண்பூவைக் கோதி எடுக்கிறது. விழுப்புரம் மாவட்டம் கரும்பு விளையும் பூமி. முண்டியம்பாக்கத்து ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கரும்பும் பூந்துடைப்பப் புல்லும் ஒரே புல் குடும்பம். இரண்டின் பூவிலும் இழைகள் நெருங்கியிருக்கும். இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் தங்கும், அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. கம்பளிப் போர்வை வேலை செய்வதும் இப்படித்தான். புலவர் பார்த்த சேவலும் எங்கள் வீட்டுச் சேவலும் தேடியது ஒன்றையே: முட்டையின் சூட்டைக் காப்பாற்றும் மெத்தை.

மேல்பலகையைக் கீல் வைத்துத் திறக்கும்படி ஆசாரி செய்து கொடுத்திருந்தார். தாய் வெளியே போன நேரம் பார்த்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில விநாடி மட்டும் திறந்து பார்ப்போம். நாளுக்கு ஒன்றாக நான்கு முட்டைகள் வந்தன. மங்கிய வெள்ளையில் பழுப்புத் தெறிப்புகள்.

முதல் முட்டை இட்டதும் தாய் அடைக்கு உட்காரவில்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. போதிய சூடு ஏறும்வரை முட்டைக்குள் கரு வளராமல் காத்திருக்கும். முதல் நாளிலிருந்தே அடைகாத்தால் மூத்த குஞ்சு மூன்று நாள் முந்திப் பொரிந்துவிடும், கடைக்குட்டி இரைக்குப் போட்டி போட முடியாமல் செத்துப்போகும். அதனால் முட்டைகள் ஏறக்குறைய இட்டு முடிந்த பிறகே தாய் முழுமூச்சாக அடைகாக்கிறது. குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பொரிகின்றன.

அடைகாக்கும் காலத்தில் தாயின் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரியும். ஹார்மோன்கள் செய்யும் வேலை அது. அந்தத் தோலில் ரத்தக் குழாய்கள் பெருகி, தோலே தடித்து, சுடுநீர்ப் பை போல ஆகிவிடும். தாய் உட்காரும்போது இறகுகளை விலக்கி அந்தத் தோலை நேரே முட்டை மேல் வைக்கிறது. பறவையின் உடல்சூடு 40 டிகிரிக்கும் மேல். அது முட்டைக்கு இறங்கி, உள்ளே ஏறக்குறைய 37 டிகிரியில் நிற்கிறது. ஆண்குருவியும் மாற்றி மாற்றி உட்காரும். ஆனால் அதன் வயிற்றில் இந்த வெறுந்தோல் இல்லை. ஏறிய சூடு இறங்காமல் மூடிவைக்க அதனால் முடியும், சூடேற்றுவது தாய்தான்.

ஆண் பெரும்பாலும் வாசலில் காவல் இருந்தது. பறவையியலாளர் சலீம் அலி சிறுவனாக இருந்தபோது, 1906-07 வாக்கில், ஒரு பொந்தின் வாசலில் காவலிருந்த ஆண்குருவியைச் சுட்டார். சீக்கிரமே இன்னோர் ஆண் அந்த இடத்துக்கு வந்தது. அதையும் சுட்டார். ஏழு நாளில் இப்படி எட்டு ஆண்குருவிகள். பிற்காலத்தில் பறவைகளுக்காகவே வாழ்ந்தவரின் சிறுவயதுக் குறிப்பு இது. படிக்க மனம் வலிக்கிறது. ஆனாலும் அது ஓர் உண்மையைச் சொல்கிறது: பேடை இருக்கும் ஒரு நல்ல பொந்துக்கு அத்தனை ஆண்கள் காத்திருக்கின்றன. சிட்டுக்குருவி தானாகப் பொந்து குடைந்துகொள்ளும் பறவை அல்ல. இருக்கிற சந்தில்தான் குடியேற முடியும்.

அடைகாக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தபோது நான்கு இளஞ்சிவப்பு உருண்டைகள். இறகு இல்லை, கண் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் சுமார் 2 கிராம். வீட்டில் யாரோ கதவைச் சாத்திய அதிர்வுக்கே நான்கு தலைகளும் ஆடி எழுந்து வாயைப் பிளந்தன. கண் திறக்காத நாட்களில் எந்த அசைவும் அவற்றுக்கு அம்மா வந்த சேதிதான். வாயின் ஓரம் தடித்து மஞ்சளாக இருக்கும். இருட்டுப் பெட்டிக்குள் இரையை எங்கே வைப்பது என்று தாய்க்குக் காட்டும் அடையாளம் அது.

இனிதான் அசல் உழைப்பு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மார்க்கெட் கமிட்டிகளில் நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. தரையில் சிந்தும் நெல்லும் தானியமும் பெரிய குருவிகளுக்குப் போதும். குஞ்சுகளுக்குப் போதாது. பதினைந்து நாளில் பத்து மடங்கு எடை ஏற வேண்டிய உடலுக்குப் புரதம் வேண்டும். அதனால் முதல் நாட்களில் பெற்றோர் கொண்டுவருவது பெரும்பாலும் பச்சைப் புழு, சிறு வெட்டுக்கிளி, வண்டு, சிலந்தி. தாயும் தகப்பனும் பக்கத்து முருங்கை மரத்துக்கும் கொல்லைக்கும் மாறி மாறிப் பறந்தன. என் காபி ஆறுவதற்குள் நான்கு முறை வந்து போனதை ஒரு காலையில் எண்ணினேன்.

வெளியே போகும்போதும் தாய் வெறும் அலகோடு போவதில்லை. ஊட்டி முடித்ததும் ஒரு குஞ்சு பின்புறத்தைத் தூக்கும். எச்சம் மெல்லிய சவ்வுக்குள் வெள்ளை உருண்டையாக வரும். தாய் அதை அப்படியே கவ்விக்கொண்டு தொலைவில் போட்டுவிட்டு வருகிறது. நான்கு குஞ்சுகள் நெருக்கியடிக்கும் பெட்டி ஈரமாகாமல், பூச்சி சேராமல், எதிரிக்கு வாடை காட்டாமல் இருப்பது இதனால்தான்.

நான்கைந்து நாளில் கண் திறந்தது. தோலுக்கடியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை குச்சி குச்சியாக முளைத்து, நுனி பிரிந்து இறகாயின. முதல் வாரம் குஞ்சுகளுக்குத் தம் உடல்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாது, தாய்தான் போர்த்தி உட்காரும். இறகு மூடியபின் பகலில் அது தேவைப்படவில்லை. குஞ்சு பொரிந்த பன்னிரண்டாம் நாளோடு நாங்கள் பெட்டியைத் திறப்பதை நிறுத்திவிட்டோம். அந்த வயதில் திறந்தால் பயந்துபோய், பறக்க வருவதற்கு முன்பே குதித்துவிடும்.

பதினைந்தாம் நாள் காலை தாய் புழுவோடு வந்து, உள்ளே போகாமல் எதிரே துணிக்கொடியில் உட்கார்ந்து அழைத்தது. ஓட்டையில் ஒரு தலை எட்டிப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி எட்டிப் பார்த்தது. திடீரென்று விழுவது போலப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே சிறகடித்து நிமிர்ந்து, முருங்கைக் கிளையைப் பிடித்துவிட்டது. அம்மா கை தட்டினார். மதியத்துக்குள் நான்கும் வெளியே வந்துவிட்டன. அடுத்த ஒரு வாரம் தகப்பன் அவற்றின் பின்னாலேயே அலைந்து ஊட்டியது. தாய் அதற்குள் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த ஈடு பங்குனி, சித்திரை வெயிலில் வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் முட்டைக்குள் கரு வெந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் மேற்கு வெயில் விழாத நிழலில், மின்விசிறி இல்லாத இடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே மரப்பெட்டியாக மாட்ட வேண்டும். தகரம் கூடாது. வாசலில் உட்காரக் குச்சி வைக்கவும் வேண்டாம், அது காக்கைக்குத்தான் உதவும்.

குறுந்தொகை 46இல் மாமலாடன் காட்டும் குருவிகள் முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருவின் நுண்தூளில் குடைந்து ஆடி, வீட்டுக் கூரையின் இறப்பில் தம் பிள்ளைகளோடு தங்குகின்றன. எங்கள் பக்கம் அந்த இறப்பை எறவாணம் என்போம். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் எறவாணம் இருந்தது. கான்கிரீட் வீட்டில் அந்தச் சந்து இல்லை. 2020இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைப்படி, நாடு முழுவதும் சிட்டுக்குருவிகள் அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாக இருந்தன, பெருநகரங்களில்தான் குறைந்திருந்தன. செல்போன் கோபுரம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. செல்போன் கோபுரத்தைக் குற்றம் சாட்டிய '2.0' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். கூடு வைக்க இடம் இருக்கிறதா, குஞ்சுக்குப் புழு கிடைக்கிறதா என்ற இரண்டையும்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும்.

இடத்தை ஒரு பெட்டி கொடுத்துவிடும். சென்னையில் 'கூடுகள்' அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளின் கையாலேயே அப்படிப் பெட்டிகள் செய்ய வைக்கிறது. புழுவை எந்தப் பெட்டியும் கொடுக்காது. மருந்தடிக்காத ஒரு கீரைப் பாத்தி, வெட்டாமல் விட்ட ஒரு வேலி, ஒரு முருங்கை மரம் வேண்டும். மனசு வைத்தால் ஊரே சேர்ந்து செய்யலாம். 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்த ஊர் தெருவிளக்கு இல்லாமல் இருட்டில் நடந்தது.

எங்கள் பெட்டியைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டிவிட்டோம். அம்மா புதுத் துடைப்பம் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். பழையதைத் தூக்கிப் போடவில்லை. குருவிக்கு எட்டும் உயரத்தில், பூ மேலே இருக்கும்படி, தாழ்வாரத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்.