மறந்துவிடும் என்கிறவர்களுக்கு

"சின்னப் புள்ளதானே, மறந்துடும்." குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளான வீட்டில், கொல்லிமலையானாலும் சென்னையானாலும், இப்படிச் சொல்லித் தேற்ற ஒருவர் இருப்பார். சொல்பவர் கெட்டவர் அல்ல, சொல்வதுதான் தவறு. 1998-ல் அமெரிக்காவில் 9,508 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. சிறுவயதில் பட்ட கொடுமைகள் கூடக் கூட மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் குடியும் இதயநோயும் கூடுவதை அது காட்டியது. இந்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பிறகு எங்கே வாய் திறப்பது?

கிளறினால் புண் பெரிதாகாதா என்ற கேள்வி நியாயமானது. தெரியாதவர் கிளறினால் ஆகும்தான். ஆனால் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் முதல் நாளே "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று உட்கார வைக்கமாட்டார். பயம் வரும்போது மூச்சைச் சீராக்குவது, படபடப்பு ஏறும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி இருக்கிற இடத்தை உணர்வது, தப்பு தன்மேல் இல்லை என்று பிடிபடுவது, இவற்றிலேயே சில வாரங்கள் போகும். அதன் பிறகுதான் நடந்ததைக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியோ வரைந்தோ வெளியே வைக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு. நினைவு அழிவதில்லை, அது வரும்போது உடம்பு நடுங்குவது குறைகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆலோசகரை மாற்ற வேண்டியும் வரலாம்.

இதைவிடக் கடினமான மறுப்பு, "ஆலோசகரிடம் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களே" என்பது. உண்மை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு நடந்தது தெரிந்த எவரும் தெரிவித்தாக வேண்டும். இந்தக் கட்டாயம் சில குடும்பங்களைச் சிகிச்சைக்கே வரவிடாமல் செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறவேண்டும், போலீசார் சீருடையில் வரக்கூடாது, பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது இதில் எதையும் தராது. சமரசத்தைக் காட்டிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றமும் நவம்பர் 2024-ல் சொல்லிவிட்டது. வளர்ந்தவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. சிறுவயதில் சென்னையில் பாதிக்கப்பட்ட கனடாவாழ் அறிவியலாளர் பூர்ணிமா கோவிந்தராஜுலு பல பத்தாண்டுகள் கழித்துக் குரல் எழுப்பினார். அதன் தொடர்ச்சியாக, போக்சோ புகாருக்குக் காலக்கெடு இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2018-ல் தெளிவுபடுத்தியது. நவம்பர் 2012-க்கு முன் நடந்தவற்றுக்கு மட்டும் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

கொல்லிமலையின் எடப்புளி நாட்டுக்காரருக்கு மிஞ்சும் தடை தூரம். காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. 14416-க்கு அழைத்தால் எந்நேரமும் தமிழில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. நேரில் பெறும் சிகிச்சைக்குத் தொலைபேசி ஆலோசனை ஈடல்ல, தொடக்கம் மட்டுமே. பயணச் செலவுக்கும் வழி உண்டு. 2020 போக்சோ விதிகளின்படி உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடித் தொகை தர மாவட்டக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரவேண்டும். கேட்காமல் பெரும்பாலும் வராது. புகார் எழுதும் அன்றே இதையும் எழுதிக் கொடுங்கள்.