தென்னை சாய்ந்தபின் சங்கம் என்ன செய்யலாம்?



2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் ஒரே ராத்திரியில் தோப்பு தோப்பாகத் தென்னை படுத்துவிட்டது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. மரத்தைப் பற்றி எல்லாரும் பேசினோம். இப்படி ஒரு அடி விழுந்தால் சங்கம் என்ன ஆகும் என்பதையும் கொஞ்சம் பேசுவோம்.

காய் விற்றுக் கொடுக்க ஏற்பட்ட சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்க்கு இத்தனை பைசா பிடித்தம், அதுதான் வரும்படி. காயே இல்லை என்றால்? நெட்டை ரகம் காய்க்க ஆறு, ஏழு வருஷம். குட்டை ரகத்துக்கு மூன்று, நாலு வருஷம். "காய் வரட்டும், பார்க்கலாம்" என்று நிர்வாகக் குழு உட்கார்ந்துவிட்டால், அங்கத்தினர் ஒவ்வொருவராக வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவார். அப்புறம் காய் வந்தாலும் சங்கத்துக்கு வராது.

குழுவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தலைவர் தோப்பும்தானே சாய்ந்தது? அவர்கள் முன்னால் கணக்கை வையுங்கள். யார் தோப்பில் எத்தனை மரம் நிற்கிறது, எத்தனை சாய்ந்தது, கிணற்றில் தண்ணி உண்டா என்று ஒரு நோட்டில் எழுதிப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலை, சாய்ந்த மரத்தைக் கூட்டாக அகற்றுவது. மட்கும் தண்டிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு பெருகும். நீங்கள் சுத்தம் செய்து அடுத்த தோப்புக்காரர் விட்டுவிட்டால் உங்கள் புதுக் கன்றின் குருத்து போச்சு! தனியாளால் ஆகாத வேலை. அதனாலேயே குழுவுக்கு ஏற்ற வேலை.

புயலைத் தாங்கி நின்று நன்றாகக் காய்க்கிற தாய்மரங்களில் நெற்று எடுத்துச் சங்கமே நாற்றங்கால் போடலாம். 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70 கன்று. நடுவில் வெயில் நிறைய விழும். உளுந்து, கடலை, வாழை வரும். அந்த விற்பனையைச் சங்கம் எடுத்து நடத்தினால் பிடித்தம் திரும்ப வரும். துணைவிதியில் தேங்காய் மட்டும் என்றிருந்தால், பேரவையைக் கூட்டித் திருத்திப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் திணிக்க வேண்டாம். "ஒரு போகம் பார்ப்போம், வரவு செலவைப் பேரவையில் வைப்போம்" என்று தீர்மானம் எழுதுங்கள். தயங்குகிறவரும் கையெழுத்துப் போடுவார். நாற்றங்கால் பொறுப்பைப் பெண்களிடம் கொடுங்கள். பட்டா அவர்கள் பேரில் இல்லை என்று தட்டிக் கழிக்காதீர்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது பட்டாவா? கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் நோட்டோடு போய்ப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.