பெற்றோருக்கு இரத்தப் புற்றுநோய்: பிள்ளைகள் நம்பிக்கை இழக்காமல் இருப்பது எப்படி?



"அப்பாவுக்கு இரத்தத்தில் புற்றுநோயாம்" என்ற செய்தி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன நடக்கிறது? எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நோயாளியின் காதில் அந்தச் சொல் விழுந்துவிடக் கூடாது என்பதே பெரிய கவலையாகிவிடுகிறது. "தெரிந்தால் உடைந்துவிடுவார், இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்" என்பார்கள் பெரியவர்கள். மறைத்து வைத்துக் காப்பாற்றுவதுதான் நம்பிக்கையா? இந்த வாரம் நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

என் அம்மாவுக்கு 64 வயதில் இந்த நோய் கண்டபோது, "இரத்தச் சோகை என்று சொல்லிவிடலாம்" என்றார் மாமா. அம்மாவோ மருத்துவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "இது கேன்சர்தானே டாக்டர்?" என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் தலைமுடி கொட்டுவதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் அறிந்துகொள்கிறார்கள். நாம் மறைத்தால், அவர்கள் தங்கள் பயத்தை நம்மிடம் மறைப்பார்கள். ஒரே அறையில் இரண்டு தரப்பும் தனித்தனியாக அழும். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அதனால், "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, இந்த நோய் ஒன்றல்ல, பல. லுக்கேமியா, லிம்போமா, மைலோமா என்று வகைகள் உண்டு. மெதுவாக வளரும் லுக்கேமியா வகை ஒன்றுக்கு 2001ஆம் ஆண்டில் இமாட்டினிப் என்ற மாத்திரை அங்கீகாரம் பெற்றது. அதற்குப் பிறகு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பல ஆண்டுகள் இயல்பாக வாழ்பவர்கள் ஏராளம். ஆகவே "இரத்தப் புற்றுநோயா, அவ்வளவுதான்!" என்று சொல்லும் உறவினரிடம், "எந்த வகை என்று தெரியுமா?" என்று கேளுங்கள்.

கடுமையானது, முதியவர்களுக்கு அதிகம் வருவது, அக்யூட் மைலாய்டு லுக்கேமியா. எலும்பு மஜ்ஜைதான் நம் உடம்பின் இரத்தத் தொழிற்சாலை. அங்கே முதிராத வெள்ளையணுக்கள் பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. சிவப்பணு குறைவதால் களைப்பு, நல்ல வெள்ளையணு குறைவதால் கிருமித் தொற்று, இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைவதால் இரத்தக் கசிவு என்று மூன்று துன்பங்களும் ஒன்றாக வரும். உடல் தாங்கும் என்றால் முதல் சுற்றில் ஒரு மருந்தை 7 நாளும் இன்னொன்றை அவற்றுள் 3 நாளும் ஏற்றுவார்கள். தாங்காத முதியவர்களுக்கு அசாசிட்டிடின் ஊசியுடன் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை தரும் முறை 2020இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்றது. ஆனால் அதன் விலை அதிகம். மருத்துவமனையின் சமூக நலப் பிரிவு அதிகாரியையும், 1994இல் தொடங்கப்பட்ட மக்னா போன்ற அமைப்புகளையும் தயங்காமல் நாடுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்?

"எத்தனை மாதம், டாக்டர்?" இதுதான் பிள்ளைகள் கேட்கத் துடிக்கும் கேள்வி. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வேறு வகையான ஓர் அரிய புற்றுநோய் வந்தது. அந்நோய் கண்டவர்களின் இடைநிலை ஆயுள் 8 மாதம் என்று நூல்கள் கூறின. அவர் யோசித்தார்: இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? சிலர் மிக நீண்ட காலமும் வாழ்ந்திருக்கலாமே! அவர் மேலும் 20 ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றுநோயால் காலமானார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லும் எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, உங்கள் அம்மாவின் பெயர் அதில் எழுதப்படவில்லை.

அப்படியானால் நம்பிக்கையை எதில் வைப்பது? என் கருத்து, அதைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். கீமோதெரபிக்குப் பின் சுமார் இரண்டு, மூன்று வாரங்களுக்கு அணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்தில் கிடக்கும். இது மருந்து வேலை செய்யும்போது எதிர்பார்க்கப்படுவதுதான். இது தெரியாத குடும்பம் ஒவ்வொரு காலையும் இடிந்துபோகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதி போட்டு எண்களைக் குறித்து வையுங்கள். "இன்று காய்ச்சல் இல்லை", "நேற்றைவிட அரைக் கிண்ணம் கஞ்சி அதிகம்" என்பதையும் எழுதுங்கள்.

அந்த வாரங்களில் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், பனடால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்க்க வரும் உறவினர்களின் பாசம் பெரிதுதான். இருந்தாலும், சளியோடு வருபவரை வாசலிலேயே நிறுத்த ஒருவர் வேண்டும். அந்தப் பொல்லாப்பை மூத்த மருமகன் ஏற்றுக்கொள்ளட்டும்! பூமாலையும் வேண்டாம். டிங்கிக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச் சாறும் வேண்டாம். இங்கே மஜ்ஜையே வேலை செய்யவில்லை. பச்சைச் சாற்றில் கிருமி வந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"என் இரத்தத்தையே அம்மாவுக்கு ஏற்றுங்கள்" என்று பிள்ளைகள் முன்வருவார்கள். நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுச் செய்யாமல் ஏற்றக் கூடாது. பின்னால் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு அதே பிள்ளை தானமளிக்க நேர்ந்தால் சிக்கலும் வரலாம். அதனால் மருத்துவர்கள் இதைத் தவிர்ப்பார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய இரத்த மையத்திலோ அருகிலுள்ள மருத்துவமனையிலோ யாரோ ஒருவருக்காகக் கொடுங்கள். பிளேட்லெட்டைப் பொதுவாக 5 நாளுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு இன்று ஏறும் பொட்டலமும் முன்பின் தெரியாத ஒருவர் சில நாள் முன்பு கொடுத்ததுதான்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு, உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இப்போது பாதி பொருத்தமே உள்ள மகனோ மகளோ கூடத் தானமளிக்க முடிகிறது. வெளியாரைத் தேடினால் பெரும்பாலும் சொந்த இனத்தவரிடமே பொருத்தம் கிடைக்கிறது. தானமளிப்போர் பதிவேடுகளில் இந்தியர்கள் குறைவு. கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்கு வரிசை பிடிக்கும் நம் இளைஞர்கள் இதற்கும் பெயர் கொடுக்கலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

பராமரிப்புப் பெரும்பாலும் திருமணமாகாத மகளின் தலையில்தான் விழுகிறது. அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கான தேசிய மையம் என்பதால் வெளி மாநிலக் குடும்பங்களும் அங்கே வருகின்றன. வார்டு நாற்காலியிலேயே வாரக்கணக்கில் தூங்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருக்கும் அண்ணன், தம்பிகள் தொலைபேசியில் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பது போதாது. வார இறுதியில் வந்து இரண்டு இரவு மாற்றிவிடுங்கள். தூங்காதவரிடம் நம்பிக்கை தங்காது.

சில வேளைகளில் சிகிச்சை பலிக்காமல் போகும். நோய் திரும்பும். அப்போது எதிர்பார்ப்பின் உருவம் மாறும். வலியில்லாத இரவு, பேரனின் பிறந்த நாள், சொந்தக் கட்டிலில் உறக்கம் இவையும் எதிர்பார்க்கத் தக்கவைதான். 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீடுகளுக்கே தாதியரையும் மருத்துவரையும் இலவசமாக அனுப்புகிறது. இதைக் கைவிட்டுவிட்டதன் அடையாளமாக நினைத்துப் பலர் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வலி நிவாரணப் பராமரிப்பு கேட்கலாம். அதற்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அடுத்த முறை கிளினிக் போகும்போது அதைப் பற்றி விசாரியுங்கள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.