உங்களுக்குத் தெரியுமா? 298 கி.மீ. சைக்கிள் சுற்று!

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவின் வடபகுதியைச் சுற்றிவரும் சாலை கேபட் டிரெயில். நீளம் 298 கி.மீ.; கிளம்பிய ஊருக்கே திரும்பிவிடலாம். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, 1936-இல் உருவான கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் காடும் கடலோரமும்.

ஏற்றங்கள்தான் ஆளைச் சோதிப்பவை. கடலோரத்திலிருந்து கிளம்பும் சாலை, பிரெஞ்சு மவுண்டனில் சுமார் 455 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. மிக இலகுவான கியரில் மிதித்தாலும் மூச்சு வாங்கும். கனடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அதனால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கடல் உங்கள் பக்கம் (காட்சிக்கு இதுவே மேல்!). அந்தி வேளையில் மூஸ் மான்கள் சாலைக்கு வரும். இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கையை எடுக்காதீர்கள்.