ஒரு வேம்பு, ஆறு தாள்கள்

கீமோதெரபி பெறுவோர் பலருக்கு மூன்று வாரத்திற்கு ஒன்றாக ஆறு சுற்றுகள் அமைகின்றன. நான்கு மாதங்களுக்கும் மேலான காலம் அது. நோயாளி அதனை இரத்த அணுக்களின் எண்ணிக்கையால் அளக்கிறார். உடனிருப்பவர் காத்திருக்கும் மணிகளால் அளக்கிறார். இன்னொரு வழியும் உண்டு: சுற்றுக்கு ஒருமுறை, ஒரே மரத்தை நீர்வண்ணத்தில் தீட்டுவது.

சென்னையில் தங்கியிருப்போருக்குக் கிண்டி தேசியப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. நகரின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. உட்பகுதிக்குள் எல்லோரும் செல்ல இயலாது; அதையொட்டிய சிறுவர் பூங்காவின் நிழலே நமக்குப் போதும். அதுவும் இயலாதவருக்குச் சன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு இல்லாமலா போகும்?

சென்னையில் வெயிலும் மழையும் மட்டுமே பருவங்கள் என்பர். வரைந்து பார்த்தவர் அதை ஏற்கமாட்டார். மாசியில் வேம்பு இலையுதிர்க்கும், பங்குனியில் செம்புநிறத் தளிர், அடுத்து வெளிர்பச்சை, சித்திரையில் சிறு வெண்பூக்கள். அப்போதே சரக்கொன்றையும் மஞ்சளாய்ப் பூத்துத் தொங்கும். கார்த்திகை மழையில் நனைந்த அடிமரங்கள் கருத்து நிற்கும்.

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மையே. ஆகவே வேப்பம்பூவிற்கான இடத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். கொன்றையின் மஞ்சளை முன்னதாக இட்டு, அது உலர்ந்த பிறகே சுற்றிலும் பச்சையைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்து சேறாகும். கோடையில் தூரிகையை எடுப்பதற்குள் வண்ணம் காய்ந்துவிடும். தாளை முன்பே நனைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காய்வதற்குள் ஒரு தேநீர் அருந்தி வரலாம்.

மருத்துவராகச் சில சொற்கள். பெரும்பாலான மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாள்கள் வரையிலான காலத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வெளியே செல்லாமல் சன்னலோரத்தில் வரையுங்கள். பூங்காவிற்கு மூன்றாம் வாரமே ஏற்றது. காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள். ஆக்சாலிபிளாட்டின் பெறுவோர் தூரிகை கழுவ வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்த வேண்டும். குளிர்நீர் பட்டால் விரல்களில் மின்னதிர்ச்சி போன்ற வலி தோன்றும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் யாருக்குமே வேண்டாம். சில வண்ணங்களில் காட்மியம் உண்டு.

எழ முடியாத நாளில் அந்தச் சுற்றின் தாளை உடனிருப்பவர் வரையட்டும். அவருக்கும் அரைமணி நேரம் வேறொன்றைப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

ஒவ்வொரு தாளிலும் தேதியையும் சுற்றின் எண்ணையும் குறித்து, கோப்புடன் எடுத்து வாருங்கள். சில மருந்துகள் விரல்களை மரத்துப்போகச் செய்யும். சொன்னால் சிகிச்சை நின்றுவிடுமோ என அஞ்சிப் பலர் அதை மறைக்கிறார்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் மருந்தின் அளவை மாற்ற முடியும். தாமதித்தால் மரப்பு நிலைத்துவிடக்கூடும். இரண்டாம் தாளில் மெலிதாக வந்த கிளை நான்காம் தாளில் தடித்துக் கோணியிருந்தால், அதை என்னிடம் காட்டுங்கள்.